ஜூன் இருபத்தெட்டின் குளிர்

கொலராடோ
14 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ராபின்சன் எழுதுவது. அத்தானுக்கு முதுகுப் புண் ஆறியதா, ஷைலு ஒன்பதாம் வகுப்பில் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். கடிதம் அதற்காக இல்லை என்பது உனக்கு எப்படியும் தெரிந்துவிடும், அதனால் நேராகவே வருகிறேன்.

ஏப்ரலில் ஒரு சின்னச் செயற்கைக்கோள் மேலே போனதென்று எழுதியிருந்தேன் அல்லவா? கப்பலுக்கும் விமானத்துக்கும் வழி சொல்ல இங்குள்ள ராணுவம் இருபத்துநாலு கோள்களை ரொம்ப உயரத்தில் சுற்றவிட்டிருக்கிறது. அவை ஓயாமல் சிக்னல் அனுப்பும். எங்கள் கோள் அவற்றுக்கு எவ்வளவோ கீழே, எழுநூறு கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு அந்தச் சிக்னலைப் பிடிக்கிறது. வழி சொல்லும் கோள் ஒன்று பூமியின் ஓரத்தில் மறையப்போகும் நேரம், அதன் சிக்னல் காற்றுக்குள் நுழைந்துதான் எங்களிடம் வர வேண்டும். காற்று அதை வளைக்கும். பொழியூர் கடற்கரையில் சூரியன் உண்மையில் கீழே போன பிறகும் இரண்டு நிமிஷம் நம் கண்ணுக்குத் தெரியுமே, அதே வளைவு. எவ்வளவு வளைந்தது என்று அளந்துவிட்டால், எந்த உயரத்தில் எவ்வளவு குளிர் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு சரியா என்று பார்க்கப் பலூன்தான் வேண்டும். அதில் ஒரு சங்கடம். ராணுவம் அந்தச் சிக்னலைப் பூட்டியே வைத்திருக்கிறது. ஜூன் கடைசியில் இரண்டு வாரம் மட்டும் திறந்தார்கள். அந்த இரண்டு வாரத்தில், பூமத்திய ரேகைப் பக்கத்து நாடுகளில், எங்கள் கோள் அளந்த இடமும் பலூன் விட்ட இடமும் நேரமும் ஒத்துவந்தது மொத்தம் பதினொரு தடவை. அதைப் பார்ப்பதுதான் என் வேலை. பதினொன்றில் ஒன்று எது தெரியுமா? அதியன்னூர் பலூன் நிலையம், ஜூன் 28, மாலை. உன் டியூட்டி.

அக்கா, நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சுவரில் உள்ள உலகப் படத்தில் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ஊசி குத்தி, இது என் அக்கா விட்ட பலூன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். இங்கே அதற்குப் பெயரே 'ராபின்சனின் அக்கா' என்று ஆகிவிட்டது.

மற்ற பத்தும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போகின்றன. உன்னுடையது மட்டும் இல்லை. பதினாறரை கிலோமீட்டரில் எங்கள் கணக்கு மைனஸ் எண்பத்தாறு. நீ அனுப்பிய செய்தியில் மைனஸ் எழுபத்தொன்பது. ஈரக்காற்று உள்ள நாடுகளில் இந்த முறை பலிக்காது என்று சொல்கிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பேராசிரியர், உன் அக்காவிடம் கேட்டு எழுது என்கிறார். என் விசா டிசம்பரில் முடிகிறது. அதை நீட்டுவது அவர் கையில் இருக்கிறது.

அன்று மாலை ஏதாவது நடந்ததா?

ராபின்சன்

*

இஞ்சிவிளை, பாறசாலை
2 செப்டம்பர் 1995

தம்பி ராபின்சனுக்கு,

சுகிர்தபாய் எழுதுகிறேன். உன் அக்காதான், உலகப் படத்தில் ஊசி குத்தி வைத்திருக்கிறாயே, அவளேதான்.

அத்தானுக்குப் புண் ஆறவில்லை. சபைக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க ஏறி விழுந்து வருகிற டிசம்பரில் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் நான்தான் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுத்து, ஷைலுவைப் பள்ளிக்கு அனுப்பி, இரண்டு மணிக்கு நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்கிறேன். அதற்குத்தான் மாலை டியூட்டி வாங்கினேன். திரும்பி வந்து மறுபடி புரட்ட வேண்டும். அப்பா அடக்கத்துக்கே விசா போய்விடும் என்று வராதவன் நீ. உனக்கு இதையெல்லாம் எழுதிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன், கேட்டாய் அல்லவா.

இனி உன் ஜூன் 28. ஒன்றும் நடக்கவில்லை. மழை லேசாகத் தூறியது. ஹைட்ரஜன் நிரப்பினேன், பெட்டியைக் கட்டினேன், ஐந்தரைக்கு விட்டேன். பெட்டி மேலே போய்க் குளிரையும் ஈரத்தையும் சொன்னது, ரோல் பேப்பரில் கோடு விழுந்தது, எண்களை எடுத்துச் செய்தி அனுப்பினேன். பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என் பலூன் காற்றுக்குள்ளேயே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறது. உன் கோள் எங்கேயோ நின்று, எங்கேயோ வளைந்ததைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. இரண்டில் எது தப்பாக இருக்கும் என்று உன் பேராசிரியர் யோசித்தாரா?

ஊரில் ஓணத்துக்குத் துணி எடுக்க எல்லோரும் பாலராமபுரம் போகிறார்கள். இனி பலூனைப் பற்றி எழுதாதே. வேறு ஏதாவது இருந்தால் எழுது.

சுகிர்தபாய்

*

கொலராடோ
20 செப்டம்பர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

பலூனைப் பற்றி எழுதாதே என்றாய். மூன்று நாள் எழுதாமல்தான் இருந்தேன்.

உன்னை நம்பினேன். அதனால் எங்கள் கணக்கில்தான் தப்பு என்று நிரூபிக்க, அதியன்னூரின் பழைய செய்திகளை எல்லாம் வரவழைத்தேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உலகத்தில் விட்ட பலூன்களின் செய்தியெல்லாம் நாடா நாடாக இருக்கிறது. நாலு வருஷத்துச் செய்திகளை எடுத்துக் கோடு போட்டேன். தொண்ணூற்றிரண்டில் உன் ஆகாயம் மாதம் நாலைந்து தடவை எண்பதுக்குக் கீழே போகிறது. எண்பத்தைந்து, எண்பத்தேழு, சட்டென்று குளிர்ந்து சட்டென்று சூடாகிறது. தொண்ணூற்று மூன்றிலும் அப்படித்தான். தொண்ணூற்று நாலு மார்ச்சுக்குப் பிறகு, அக்கா, ஒரு தடவைகூட இல்லை. காலை டியூட்டிச் செய்திகளில் உண்டு. மாலைச் செய்திகளில் இல்லை. ஒன்றரை வருஷமாக மாலையில் மட்டும் அதியன்னூருக்கு மேலே ஆகாயம் குளிரவே இல்லை.

இதை நான் யாரிடமும் காட்டவில்லை. பேராசிரியர் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். காட்டினால் அவர் உங்கள் மேலிடத்துக்கு எழுதுவார், உன்னைச் சும்மா விடமாட்டார்கள். காட்டாவிட்டால் எங்கள் கணக்குத் தப்பு என்றாகும், எனக்கு விசா இல்லை. ஊசியை நான்தான் குத்தினேன். இப்போது பிடுங்கினாலும் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். மேசைக்கு எதிரே அந்தப் படம், தலையைத் தூக்கினால் அதுதான் தெரிகிறது.

அன்றைய ரோல் பேப்பர் இருக்கிறதா? இருந்தால் கோடு எங்கே விழுந்தது என்று மட்டும் சொல். என்னிடம் மட்டும் சொல்.

ராபின்சன்

*

இஞ்சிவிளை
8 அக்டோபர் 1995

எலே ராபின்சா,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். ஒன்றரை வருஷம் பக்கத்து மேசைக்காரனுக்குத் தெரியாததை, பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கிடங்கில் உட்கார்ந்து நீ கண்டுபிடித்துவிட்டாய். உன்னை வாழ்த்தவா வையவா என்று தெரியவில்லை. முதலில் வைதேன்.

சொல்கிறேன். அத்தான் விழுந்து இரண்டு மாதம், தொண்ணூற்று நாலு பிப்ரவரி. ஒரு நாள் மாலை எண்பத்தேழு வந்தது, வந்ததை அனுப்பினேன். பலூன் பெட்டியிலுள்ள கருவியை ஒழுங்காகச் சரிபார்க்காமல் விட்டதாக மேலிடத்திலிருந்து எனக்கு மெமோ. மார்ச்சில் மறுபடி எண்பத்தாறு, மறுபடி மெமோ. காலை டியூட்டிக்காரர் அனுப்பினால் கேள்வி இல்லை. அவர் சீனியர். நம் செல்லசாமி சார், நிலையத்து ஆபீசர், என்னைக் கூப்பிட்டு மூன்றாவது மெமோ வந்தால் நடுக்கடலில் இருக்கிற தீவு நிலையத்துக்கு மாற்றல் என்றார். நான் பெட்டியைச் சரிபார்த்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நல்ல மனுஷன்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஆகாசம் எப்பவும் ஒரே மாதிரி ஆக்கும், சுகிர்தா. உனக்க பெட்டிதான் மாறுது. எதுக்கு வம்பு? மேல இருக்கவனுக்குப் பிடிச்ச மாதிரி எழுது" என்றார்.

படுக்கையில் கிடக்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் எந்தத் தீவுக்குப் போவேன்? அன்றிலிருந்து கோடு எண்பதுக்குக் கீழே இறங்கினால் நான் செய்தியில் இறக்கவில்லை. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று நிறுத்தினேன். பேப்பர் சிக்கிக் கிழிந்துவிட்டது என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு, பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். முதல் தடவை எண்ணை எழுதி இரண்டு முறை அடித்தேன். பிறகு அதுவும் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற நினைப்புதான் இருந்தது.

கொண்டுவந்த பேப்பரைக் கிழித்துப்போட மனசு வரவில்லை. நிலையத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தக அட்டை அந்தக் கழிவு ரோல் பேப்பர்தான், உனக்குத் தெரியும், கோடு விழுந்த பக்கத்தை உள்ளே வைத்து மைதாப் பசை போட்டு ஒட்டினால் வருஷம் முழுக்க நிற்கும். என்னுடையதையும் அப்படியே ஒட்டினேன். மேலிடத்துக்குப் பொய்யை அனுப்பிவிட்டு, உண்மையை ஷைலுவின் புத்தகத்தில் சுற்றினேன். போன வருஷத்தது பழைய புத்தகத்தோடு, பழைய சாமான் எடுக்க வரும் ஆக்கர்காரனின் சாக்குக்குப் போய்விட்டது. ஜூன் 28 இந்த வருஷத்துப் பூமிசாஸ்திரம்.

நேற்று அதை நனைத்துப் பிரித்தேன். ஷைலு பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா, புது அட்டைய எதுக்கு பிய்க்குதிய?" என்று கேட்டாள். மாமாவுக்கு வேணும் என்றேன். மாமா இதிலயா புக்கு பொதிவாவ என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேப்பரை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும்தான். உன் கோள் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டுப் பொய் சொன்னது நான்.

அக்கா

*

கொலராடோ
27 அக்டோபர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

பேப்பர் வந்தது. ஒரு ஓரத்தில் 'ஷைலஜா, 9 பி' என்று பேனா மை ஊறியிருக்கிறது. எங்கள் கோட்டின் மேல் உன் கோட்டை வைத்துப் பார்த்தேன். பதினொன்றிலேயே மிகவும் ஒத்துப்போவது உன்னுடையதுதான். அரை டிகிரிகூட வித்தியாசம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

இதை நான் வெளியே எடுக்கப்போவதில்லை. எடுத்தால் அனுப்பிய செய்தி பொய் என்று சொல்லவேண்டிவரும். அதியன்னூரை விட்டுவிட்டுப் பத்தை மட்டும் காட்டுகிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன். ஒத்துவராததை மறைத்து ஒத்துவருவதை மட்டும் காட்டுவது விஞ்ஞானம் இல்லை என்றார். விசாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜனவரியில் வந்துவிடுகிறேன். நெய்யாற்றின்கரையில் ஏதாவது டுட்டோரியலில் பிசிக்ஸ் எடுத்தாலும் போதும். அத்தானைப் புரட்ட ஒரு கை கூடும்.

ராபின்சன்

*

இஞ்சிவிளை
15 நவம்பர் 1995

தம்பிக்கு,

நீ வந்து அத்தானைப் புரட்டுவாயாக்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிறவன்.

கேள். ரோல் பேப்பரின் கதை முழுவதையும், தேதி தெரிந்தவரைக்கும் தேதி போட்டு, கையால் எழுதி, போன மாதக் கடைசியில் செல்லசாமி சாரிடம் கொடுத்தேன். மேலிடத்துக்கு ஒரு பிரதியைத் தபாலிலும் போட்டுவிட்டேன், அவர் நிறுத்திவிடக் கூடாது என்று. அவர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இது போனா எனக்கும் சேத்து வரும். இப்பவும் ஒண்ணும் ஆவல்ல, கிழிச்சிருவோம்" என்றார்.

"ஒண்ணரை வருசமா கிழிச்சாச்சு சார்" என்றேன்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் ஒரு வரி, அதியன்னூருக்கு மேலே ஆகாயம் குளிரவே இல்லை என்று. அதைப் படித்த பிறகு மாலையில் பலூன் விடும்போதெல்லாம் அந்த வரிதான் வந்தது. அது மேலே போகப் போக, இன்றைக்கு எண்பதைத் தாண்டிவிடாதே என்று ஜெபம் பண்ணிக்கொண்டு நிற்கிறேன். ஆகாயத்தைப் பார்த்துக் கெஞ்சுகிற வேலையா எனக்கு? அதுதான் காரணம்.

தீவுக்கு உத்தரவு வந்துவிட்டது. வேலை போகவில்லை, அதுவே பெரிய காரியம் என்கிறார்கள். டிசம்பர் முதல் வாரம் கப்பல். அத்தானிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் வைத்திருந்தேன். சொன்னதும் கப்பல் எத்தனை நாள் என்று கேட்டார். பிறகு, "போயிட்டு வாட்டி. நான் எங்க ஓடிப்போவப் போறேன்?" என்றார். அவருடைய அக்கா ரத்னபாயை வரச்சொல்லியிருக்கிறோம். அவளை இந்த வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன், அதுவும் போயிற்று.

பேப்பரை நீ வெளியே எடு. எடுக்காவிட்டால் நான் சும்மாவே தீவுக்குப் போனதாகும்.

அக்கா

*

தீவு
24 மார்ச் 1996

தம்பிக்கு,

உன் பிப்ரவரிக் கடிதம் நேற்றைய கப்பலில் வந்தது. கட்டுரை அச்சாகப் போகிறது, விசாவை மூன்று வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள் என்று படித்தேன். சந்தோஷம். இடையில் வெளியே வந்தால் மறுபடி முத்திரைக்கு வரிசையில் நிற்கவேண்டும், கிடைக்குமோ என்னவோ என்று எழுதியிருந்தாய். ஆகவே நீயும் அங்கேதான். சரி.

இங்கே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் ஒரு மணி நேரம். முதல் வாரம் தினமும் நடந்தேன். இப்போது நடப்பதில்லை, எங்கே நடந்தாலும் கடல்தான் வருகிறது. காலையும் மாலையும் பலூன் விடுகிறேன். எண்பத்தெட்டு வந்தாலும் எண்பத்தெட்டு என்றே எழுதுகிறேன். இரண்டு மெமோ வந்தாயிற்று, வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இனி என்னை எங்கே மாற்றுவார்கள்?

அத்தானின் புண் மறுபடி பெரிதாகி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்தார்களாம். ஷைலு பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கூட இருந்தாளாம். எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

மேலிடத்திலிருந்து, நிரப்பிக் கொடுக்கச் சொல்லி அச்சடித்த பாரம் ஒன்று வந்திருக்கிறது. உன் கட்டுரையில் நிலையத்தின் பெயர் வரப்போவதால் ஒன்றரை வருஷத்துச் செய்திகளும் தப்பு என்று ஆகிறதாம், பெரிய ஆபீசர்களுக்குத் தலைக்குனிவாம். அதனால், ஜூன் 28 அன்று கருவி பழுதாகி இருந்தது, ரோல் பேப்பரில் விழுந்த கோடுதான் தப்பு, குடும்பக் கஷ்டத்தில் குழம்பிப்போய் செல்லசாமி சாரிடம் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். 'பழுது என்ன' என்று ஒரு கட்டம், அதை நான் நிரப்ப வேண்டும். போட்டால் உடனே அதியன்னூருக்குத் திரும்பலாம். மே பதினொன்று மழைக்கு முன்னால் கடைசிக் கப்பல். அதை விட்டால் செப்டம்பர்வரை கப்பலை நம்ப முடியாது.

பாரம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் எழுத மனசில்லை.

அக்கா

*

கொலராடோ
16 ஏப்ரல் 1996

அக்கா,

கையெழுத்துப் போடு. யோசிக்காதே, போடு.

அந்த ஒன்று விழுந்தால் பத்து மிச்சம் இருக்கிறது. நான் பத்தை வைத்துக்கொள்கிறேன். அவர்கள் என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும். அப்பா அடக்கத்துக்கு வராதவன் என்று எழுதினாயே, அதைத் தினமும் படிக்கிறேன். அத்தானுக்கு ஏதாவது ஆகி, நீ கப்பல் இல்லாமல் அங்கேயே நின்றால், அதையும் என் கணக்கில் எழுதிக்கொண்டு நான் எப்படி இருப்பேன்? குளிர் எண்பத்தாறோ எழுபத்தொன்பதோ, அதனால் யாரும் சாகப்போவதில்லை. வீட்டுக்குப் போ.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

ராபின்சன்

*

தீவு
10 மே 1996

அன்புள்ள ராபின்சா,

கடைசிக் கப்பல் வந்து நிற்கிறது. உன் கடிதமும் அதில்தான் வந்தது, ஷைலுவின் கடிதமும் அதில்தான். அவள் அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். புண் ஓரளவு காய்ந்திருக்கிறதாம், ரத்னபாய் கஞ்சியில் உப்பு அதிகம் போடுகிறாளாம், ஷைலு பத்தாம் வகுப்பு போகிறாளாம், புத்தகத்துக்கு அட்டை போட ரோல் பேப்பர் இல்லாமல் பத்திரிகையில் போட்டிருக்கிறாளாம். அம்மா வரட்டும் என்று அவர் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதை நான் நாலு தடவை தேடிப் பார்த்தேன்.

எனக்குப் போக வேண்டும் தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன், பெட்டியைக் கட்டிவிட்டேன். துணி, பைபிள், மெமோக்கள் எல்லாம் வைத்தாயிற்று. அவர் முதுகுக்கு எண்ணெய் தடவ என் கை துடிக்கிறது. மத்தியானம் பாரத்தை எடுத்து மேசையில் விரித்தேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், தைரியத்துக்கு.

எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். பெயர், நிலையம், நாள், நேரம். பழுது என்ன என்ற இடத்தில் வந்து நின்றேன். பேட்டரி ஈரம் பட்டது என்று எழுதலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பேனாவையும் கட்டத்தில் வைத்தேன். அப்போது மாலைப் பலூனுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து போய் பலூனை விட்டேன். அது மேலே போயிற்று. நான் அதனிடம் ஒன்றும் கெஞ்சவில்லை. பல மாதமாகக் கெஞ்சாமல் நிற்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இதில் பொய் எழுதி அதியன்னூருக்குத் திரும்பிப் போனால் மறுநாள் மாலையே கெஞ்ச ஆரம்பிப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

நீ என்னை வையலாம். அத்தான் வையமாட்டார், அதுதான் தாங்காது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அந்தக் கட்டத்தில், 'பழுது ஒன்றும் இல்லை. அன்று அங்கே அவ்வளவு குளிராக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கப்பல் நாளைக் காலை போகிறது. இந்தக் கடிதமும் பாரமும் அதில் வரும். பெட்டியை அவிழ்க்க வேண்டும், சீலையெல்லாம் கசங்கியிருக்கும்.

அக்கா